வியர்த்த பின்னும் ஏறும் எடை

(சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றின் உடற்பயிற்சிக் குழுவினரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

வாசலில் வைத்திருக்கும் எடைக் கருவியில் வரும்போதே பலர் ஏறிப் பார்த்தீர்கள். இப்போது மணி இரவு ஏழே முக்கால். வேலை முடிந்து, காப்பிக்கடையில் ஒரு தே தாரிக்கும் இரண்டு வடையும் முடித்து, காலணியோடு, பையில் சாவிக்கொத்தும் கைப்பேசியும் இருக்க ஏறினீர்கள். அங்கே கண்ட எண்ணைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். காலை ஆறு மணிக்கு ஏறியிருந்தால் உங்களில் பலருக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ குறைவாகக் காட்டியிருக்கும்.

உடற்பயிற்சி தொடங்கியவர் முதல் மூன்று வாரத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "விடிகாலையில் எழுந்து ஓடுகிறேன், சாப்பாட்டையும் குறைத்துவிட்டேன், எடை ஏறுகிறதே, ஏன்?" பதில் சொல்ல ஆளில்லாமல் ஓட்டத்தையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அந்த மூன்று வாரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவழிப்பதைவிடச் சுமார் 7,700 கிலோகலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும். நேற்றைவிட இன்று 1.2 கிலோ ஏறியிருக்கிறது, அத்தனையும் கொழுப்புதான் என்று ஒருவர் பயப்பட்டால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் 9,000 கிலோகலோரிக்கு அதிகமாக ஒரே நாளில் அவர் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். ஒரு கொசோங் பரோட்டா, அதாவது உள்ளே எதுவும் வைக்காத வெறும் பரோட்டா, சுமார் 200 என்று வைத்தால் 46 பரோட்டா. அதைத் தட்டிப் போட்டுத் தரும் மாஸ்டருக்கே கை விட்டுப்போகும். ஆக, ஒரே இரவில் ஏறியதும் இறங்கியதும் பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பு, குடலில் இருக்கும் சாப்பாடு.

இந்த ஆராய்ச்சிக்கு 400 வருட வயது. இத்தாலியின் பதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தான் உண்டது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் எடை போட்டார். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் உடம்பிலிருந்து ஏதோ ஆவியாகிப் போகிறது என்று 1614இல் நூலாகவே எழுதினார். இன்று நமக்குத் தெரியும்: தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும் நீராவி அது, கூடவே நாம் வெளியே விடும் கரியமில வாயு. ராத்திரி பத்துக்குப் படுத்து ஆறுக்கு எழுந்தால், கழிப்பறைக்குப் போகாமலேயே சில நூறு கிராம் குறைந்திருப்பீர்கள். கொழுப்பு கரைந்து போகும் வழியும் முக்கியமாக மூச்சுதான். பத்து கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாகவும் 1.6 கிலோ தண்ணீராகவும் மாறுகிறது. வியர்வையில் கொழுப்பு வழிந்தோடுகிறது என்பது வெறும் கற்பனை.

இப்போது அந்த மூன்று வாரத்துக்கு வருவோம்.

நாம் சாப்பிடும் சோறு, தோசை, மீ (நூடல்ஸ்) ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற பெயரில் உடம்பு சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 300 முதல் 500 கிராம். இதில் கவனிக்க வேண்டியது, ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். நாலு நாள் சோற்றை அடியோடு நிறுத்தியவருக்கு "ரெண்டு கிலோ போச்சு" என்ற சந்தோஷம் இதனால்தான் வருகிறது. களஞ்சியம் காலியானது, அதோடு தண்ணீரும் போனது. தீபாவளி அன்று பிரியாணி சாப்பிட்டதும் இரண்டும் திரும்பி வந்துவிடும். ஓடத் தொடங்கியவருக்கோ இது தலைகீழ். தசை பழகப் பழக முன்பைவிட அதிகமாகச் சேமிக்கக் கற்றுக்கொள்கிறது. 100 கிராம் கூடுதல் கிளைக்கோஜன் என்றால் தண்ணீரோடு சேர்த்து 400 கிராம் எடை. அது பெட்ரோல் தொட்டி பெரிதானதற்குச் சமம்.

அடுத்தது வலி. பழக்கமில்லாத பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை பிடித்துக்கொள்ளும். 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அது உச்சத்தைத் தொடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் பன்னிரண்டு மாடி ஏறியவரைவிட இறங்கியவருக்கு இந்த வலி அதிகம், ஏனென்றால் நீண்டுகொண்டே சுமை தாங்கும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய காயங்கள் கூடுதலாக உண்டாகின்றன. காயத்தைச் சரிசெய்ய உடம்பு அங்கே நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சில நாளில் அது வடியும். திங்கட்கிழமை கால் பயிற்சி செய்துவிட்டுப் புதன்கிழமை எடை பார்ப்பது வீண் மனக்கஷ்டம்.

மூன்றாவது, ரத்தம். தொடர்ந்து ஓடும்போது, அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓடும்போது, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா முதல் ஓரிரு வாரத்திலேயே பத்து விழுக்காடு அளவுக்குக் கூடலாம். உப்பையும் நீரையும் வெளியே விடாமல் சிறுநீரகம் பிடித்து வைப்பதால் இது நடக்கிறது. எடைக் கருவியில் இது 300, 400 கிராமாகத் தெரியும். உடம்புக்கோ இது பெரிய லாபம்: தோலுக்கு அதிக ரத்தம் போய்ச் சூடு தணியும், அதே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு குறையும். கையில் துடிப்பு காட்டும் கடிகாரம் கட்டியிருந்தால் மூன்றாம் வாரத்தில் அதைப் பாருங்கள், எடையைவிட அது நல்ல சேதி சொல்லும்.

"கொழுப்பு போய் தசை வந்திருக்கிறது, அதனால்தான் எடை குறையவில்லை" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். மூன்று வாரத்தில் அது நடக்காது. பளு தூக்கத் தொடங்கிய இளைஞருக்கே மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் தசை சேர்வது அரிது. தசை வலுவுக்காகக் கிரியேட்டின் என்ற சத்துத் தூள் சாப்பிடுகிறவர்களுக்கு முதல் வாரத்தில் ஒன்று, இரண்டு கிலோ ஏறுவதும் பெரும்பாலும் தசைக்குள் இழுக்கப்பட்ட தண்ணீர்தான்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் சாப்பாடு அப்படி. உடல் திரவத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு இருக்கிறது. இந்த விகிதத்தை உடம்பு விட்டுக்கொடுக்காது. நீங்கள் நாலரை கிராம் உப்பைக் கூடுதலாகச் சாப்பிட்டால், அதைச் சிறுநீரகம் வெளியேற்றும்வரை அரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டிவரும். தாகம் எடுக்கும், குடிப்பீர்கள், காலையில் அரைக் கிலோ. நாளுக்கு 5 கிராம் உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உணவங்காடி நிலையத்தில் மீ சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாலும், வீட்டில் கருவாட்டுக் குழம்புக்கு ஊறுகாயும் அப்பளமும் சேர்த்தாலும் அந்த அளவு ஒரே வேளையில் வந்துவிடக்கூடும். ஏறியது இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் பயந்துபோய்ப் பட்டினி கிடக்க வேண்டாம்.

பெண்களுக்கு இன்னொன்று. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை நீர் தேங்குவது சாதாரணம். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தின் அதே நாள்களோடு ஒப்பிடுங்கள்.

எடைக் கருவி மிகத் துல்லியமாகச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு, அதை யாரும் அதற்குப் பயன்படுத்துவதில்லை. வியர்வையின் அளவு. பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று ஓடினால் சுமார் 4.3 கிலோமீட்டர். இரண்டு சுற்று ஓடப்போகும் ஒருவர், கழிப்பறைக்குப் போய்வந்து, குறைந்த உடையில் எடை பார்க்கிறார்: 72.0. ஓடும்போது 400 மில்லிலிட்டர் தண்ணீர் குடிக்கிறார். முடித்ததும் நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறார்: 71.1. எடை 900 கிராம் குறைந்திருக்கிறது, குடித்தது 400, ஆக வியர்த்தது சுமார் 1.3 லிட்டர். சட்டையைக் கழற்றாமல் ஏறினால் அதில் ஊறிய வியர்வையும் எடையில் சேர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் மெல்ல மெல்லக் குடிக்க வேண்டும், உணவோடு சேர்த்து. இவருக்கு 1.1 முதல் 1.35 லிட்டர். நெடுந்தூரம் ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு நடப்பவர்களுக்கும் ஒரு சொல்: அதில் குறைவது தண்ணீர் மட்டும். நம் ஈரக்காற்றில் வியர்வை காய்வதே கடினம், அதையும் மூடிவிட்டால் வெப்பத் தாக்கு வரும்.

சரி, எப்படி எடை பார்ப்பது? காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய்வந்த பின், எதுவும் குடிப்பதற்கு முன். கருவி கெட்டியான தரைக்கல்லில் இருக்கட்டும், மிதியடி மேலோ விரிப்பின் மேலோ வைத்தால் எண் தவறும். இடத்தையும் மாற்றாதீர்கள். வாரத்தில் குறைந்தது நாலு நாள், முடிந்தால் ஏழு நாளும் குறித்து, வாரச் சராசரியை எடுங்கள்.

ஒருவருடைய முதல் வாரம், திங்களிலிருந்து, இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 78.6, 78.1, 79.0, 78.4, 78.2, 79.3, 78.8. நான்காம் வாரம்: 78.0, 77.6, 78.7, 78.1, 77.5, 78.9, 78.3. முதல் வாரச் செவ்வாயையும் நான்காம் வாரச் சனியையும் மட்டும் பார்த்தவர் 800 கிராம் ஏறிவிட்டது என்று தலையில் கை வைப்பார். சராசரி எடுத்தால் 78.6 கிலோ 78.2க்கு வந்திருக்கிறது. இறக்கம் ஏறக்குறைய அரைக் கிலோ. அது முழுக்கக் கொழுப்பு என்றே கொண்டால் நாளுக்குச் சுமார் 170 கிலோகலோரி மிச்சம் பிடித்திருக்கிறார், ஒரு பரோட்டாவுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய மாற்றத்தை ஒரு கிலோ ஆடும் எண்ணில் ஒரே நாளில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நான்கைந்து வாரச் சராசரியும் அசையவில்லை என்றால் அப்போது சாப்பாட்டைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் செலவாவது சுமார் 350 கிலோகலோரி. ஓடி முடித்து, "உழைத்தோமே" என்று இரண்டு பரோட்டா சாப்பிட்டால் கணக்கு அங்கேயே தீர்ந்தது. அன்று முழுக்கச் சோர்ந்து சோபாவில் கிடந்தாலும் அதே கதைதான்.

காலடியில் மின்னோட்டம் செலுத்திக் கொழுப்பு விழுக்காடு காட்டும் கருவிகளை அதிகம் நம்ப வேண்டாம். உடம்பில் உள்ள நீரை வைத்து அவை ஊகிக்கின்றன, நீர் மாறினால் விடையும் மாறும். ஒரு தையல் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை இழுக்காமல் அளந்து பாருங்கள். ஆசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

எல்லா ஏற்றமும் விளையாட்டல்ல. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கினால், சராசரி எடுத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் உடல் எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தாலும் காட்ட வேண்டும்.

எழுதிக் கொடுத்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: "இரவு வேலை முடிந்து பதினொரு மணிக்குச் சோறு சாப்பிடுகிறேன், அதனால்தான் எடை ஏறுகிறதா?" காலையில் காணும் எண் ஏறும். சாப்பிட்டதில் பெரும்பங்கு அப்போதும் குடலில்தான் இருக்கும், அதன் உப்பும் இன்னும் வெளியேறியிருக்காது. கொழுப்பு ஏறுவதோ இறங்குவதோ முக்கியமாக நாள் முழுக்கச் சாப்பிட்ட மொத்த அளவைப் பொறுத்தது. பேருந்து ஓட்டுநர்கள், தாதியர், காவலர் என்று முறைமாற்று வேலை செய்கிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். உங்கள் நீண்ட தூக்கம் முடிந்து எழும் நேரம் மதியம் இரண்டு என்றால், அதுதான் உங்கள் காலை. அப்போது ஏறிப் பாருங்கள்.