ஹிட்லர் ராணுவம் குடுத்த மெடலைத் தொடாத யூத டாக்டர்

வணக்கம் மக்களே. இன்னைக்கு பேசப்போறது ஃபின்லாந்து ராணுவத்துல மேஜரா இருந்த டாக்டர் லியோ ஸ்கூர்னிக் பத்தி. இவர் ஒரு யூதர். ரெண்டாம் உலகப்போர்ல இவருக்கு ஜெர்மன் ராணுவம் அயர்ன் கிராஸ் மெடல் அறிவிச்சுச்சு. ஆமா, பிடிச்ச ஊர்லயெல்லாம் யூதர்களை வரிசையா நிக்கவச்சு சுட்டுக்கிட்டிருந்த அதே ஜெர்மனிதான். இது எப்படி நடந்துச்சு?

(திரையில்: ஃபின்லாந்து, சோவியத் பார்டர் மேப்)

1939 நவம்பர் 30, சோவியத் யூனியன் ஃபின்லாந்து மேல படையெடுக்குது. மூணரை மாசம் சண்டை, கடைசில வீபுரி நகரத்தோட சேர்த்து நாட்டுல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு நிலம் போச்சு, வீபுரியில இருந்த யூதக் குடும்பங்களும் மத்தவங்களோட சேர்ந்து வீடு வாசலை விட்டுட்டு கிளம்புனாங்க. அதனால 1941 ஜூன்ல ஜெர்மனி சோவியத் மேல பாய்ஞ்சப்போ, போன நிலத்தை மீட்கணும்னு ஃபின்லாந்தும் கூடவே இறங்கிடுச்சு. அங்க யூதர்கள் 1918லேர்ந்து முழுக் குடிமக்கள், அதனால எல்லாரையும் மாதிரி அவங்களும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு போனாங்க. ஸ்விர் ஆத்துப் பக்கம், ஜெர்மன் படை கிட்டக்கவே இருக்கும்போது, யூத சிப்பாய்ங்க போர்முனையிலயே சின்னதா ஒரு ஜெப ஆலயம் வச்சு கும்பிட்டாங்க. முதல்தடவை படிச்சப்போ எனக்கு நம்பவே முடியல.

(திரையில்: வடக்கு ஃபிரண்ட், கீஸ்டின்கி)

ஸ்கூர்னிக் இருந்தது வடக்குல, கீஸ்டின்கி பக்கம். பக்கத்துலயே ஜெர்மன் எஸ்எஸ் படை, அதாவது ஹிட்லரோட நாஜிக் கட்சியோட சொந்தப் படை. அடிபட்டு வர்றவன் ஃபின்லாந்துக்காரனா எஸ்எஸ்காரனான்னு அவர் பிரிச்சுப் பாக்கல, ஜெர்மன்காரங்களே போகத் தயங்குன இடத்துக்குக்கூட போய் அவங்க ஆளுங்களைத் தூக்கிட்டு வந்திருக்கார். சோவியத் குண்டு ஃபீல்டு ஹாஸ்பிடல் மேலயே விழ ஆரம்பிச்சதும் மொத்த ஹாஸ்பிடலையும் காலி பண்ண முடிவு பண்றார். வழி பூரா சதுப்பு நிலம், கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். கால் வச்சா உள்ள இழுக்குற சேறு, ஸ்ட்ரெச்சர்ல ஆளு, முன்னாடி ஒருத்தன் வழுக்குனா பின்னாடி இருக்கிறவனும் சாயணும், மேலேர்ந்து ஷெல் வேற. 600 பேருக்கு மேல உயிரோட வெளிய வந்தாங்க, அதுல எஸ்எஸ்காரங்களும் இருந்தாங்க.

எஸ்எஸ்காரனை ஏன் காப்பாத்தணும்னு கேப்பீங்க. என்னைக் கேட்டா, நாடி பிடிச்சுப் பாக்குற நேரத்துல அவன் யாருன்னு பாக்காததுதான் டாக்டர் வேலை, அதை அவர் குறையில்லாம செஞ்சார். ஆனா அதுக்காக அவங்க மெடலை சட்டையில குத்திக்கணும்னு எந்தக் கடமையும் இல்லையே.

மெடல் சேதியை அவர்கிட்ட சொன்னவர் ஃபின்லாந்து ராணுவ ஜெனரல் யால்மர் சீலாஸ்வூவோ. இதைப் போய் நான் வாங்குவேனா, இதை வச்சு பின்பக்கத்தைத்தான் துடைப்பேன்னு உங்க ஜெர்மன் ஆளுங்ககிட்ட சொல்லிடுங்கன்னு ஸ்கூர்னிக் பதில் சொன்னதா சொல்றாங்க. ஜெனரலும் அதை ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே போய் சொல்லிட்டார்! கடுப்பான ஜெர்மன்காரங்க, தண்டனை குடுக்க ஆளை ஒப்படைங்கன்னு கேட்டாங்க. ஜெனரல் முடியாதுன்னுட்டார்.

இதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. 1942 நவம்பர்ல இதே ஃபின்லாந்து, வெளிநாட்டுலேர்ந்து அடைக்கலம் தேடி வந்த எட்டு யூதர்களை கப்பல்ல ஏத்தி ஜெர்மன்காரங்ககிட்ட குடுத்துச்சு, அதுல பொழைச்சு வந்தவர் ஒரே ஒருத்தர். சொந்தக் குடிமகனைக் காப்பாத்துன நாடு, அகதியைக் கைவிட்டிருக்கு. ஸ்கூர்னிக் கதையைப் பெருமையா சொல்றப்போ இதையும் சேர்த்து சொல்லியே ஆகணும்.

இன்னும் ரெண்டு ஃபின்லாந்து யூதர்களுக்கும் அயர்ன் கிராஸ் அறிவிச்சாங்க. ஒருத்தர் கேப்டன் சாலமன் கிளாஸ், இன்னொருத்தர் லோட்டா ஸ்வார்டு பெண்கள் அமைப்புலேர்ந்து நர்சிங் வேலைக்குப் போன தீனா பொல்யாகோஃப். அவங்க ரெண்டு பேரும்கூட வாங்கல.