டர்பன் தமிழ்க் குடும்பம் சொந்த ஊரைக் கண்டுபிடிக்கிறது எப்படி?

[திரையில்: பாய்மரக் கப்பல்]

1860 நவம்பர் 16, மெட்ராஸ்ல இருந்து கிளம்பின ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவுல இருக்கிற டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேருது, உள்ள 342 பேர், கூலி ஒப்பந்தத்துல கையெழுத்தோ கைநாட்டோ வச்சவங்களும் அவங்க குழந்தைங்களும். 1911 வரைக்கும் இப்படியே 1,52,184 பேர் போயிருக்காங்க, அதுல பெரும்பகுதி மெட்ராஸ்ல ஏறினவங்கதான். அவங்க வம்சத்துல வந்த அஞ்சாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை பசங்க இன்னைக்கு எங்க பூர்வீகம் எதுன்னு கேக்குறாங்க. நிறைய பேருக்குப் பதில் கிடைக்கும்.

சர்நேமைப் பிடிச்சுக்கிட்டுப் போனா வழி தவறிடும். நம்ம ஊர்ல அப்பா பேரு இனிஷியல், அங்க அதுவே குடும்பப் பேரா ஆயிடுச்சு, முனுசாமியோட பிள்ளைங்கன்னா அதுக்கப்புறம் வர்ற எல்லாருமே முனுசாமி. அதனால தேட வேண்டியது காலனி நம்பர். வந்து இறங்கின ஒவ்வொருத்தருக்கும் நேட்டால் அரசாங்கம், அதாவது டர்பன் இருந்த பிரிட்டிஷ் காலனியோட அரசாங்கம், ஒரு நம்பர் குடுத்துச்சு, கல்யாணம், பிள்ளை பிறந்தது, ஒப்பந்தம் முடிஞ்சது, எந்தக் காகிதமா இருந்தாலும் அந்த நம்பரைத்தான் எழுதுவாங்க. பாட்டியோட பழைய பெட்டியை அலசுங்க, அங்க இல்லைன்னா டர்பன்லயும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்லயும் இருக்கிற ஆவணக் காப்பகத்துக்குப் போங்க.

[திரையில்: கப்பல் பட்டியலின் ஒரு வரி]

நம்பர் கிடைச்சா கப்பல் பட்டியல்ல அந்த ஆளோட வரி கிடைக்கும். பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அப்புறம் அங்க அடையாளம், அதாவது எந்த இடத்துல தழும்பு, எங்க மச்சம்னு. ஒரு போட்டோ கூட இல்லாத பாட்டனாரோட உடம்பைப் பத்தி நமக்குத் தெரியவர்ற ஒரே விஷயம் அந்தத் தழும்பா இருக்கலாம், அதை வேகமா தாண்டிப் போயிடாதீங்க.

இப்போ கிராமம். இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. பட்டியல்ல வடஆற்காடுன்னு இருந்தா இன்னைக்கு அந்தப் பேர்ல மாவட்டமே கிடையாது, வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் நாலுலயும் தேடணும், அதுவும் பத்தாது, 1911ல சித்தூர் தனி மாவட்டமா பிரிஞ்சதால ஊர் இப்போ ஆந்திராவுலயும் இருக்கலாம். ஸ்பெல்லிங் வேற, கிளார்க் காதுல விழுந்தபடி எழுதினது, அதனால எழுத்தைப் பாக்காம வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, தாலுகாவை முதல்ல உறுதி பண்ணிட்டு அதுக்குள்ள ஒலி ஒத்துப்போற ஊரையெல்லாம் எழுதி வைங்க. ஒரே பேர்ல ரெண்டு மூணு ஊர் வரும், பயப்படாதீங்க.

ஊருக்கு நேர்ல போறதுக்கு முன்னாடி வீட்ல பெரியவங்ககிட்ட குலதெய்வம் பேரு, பொங்கல் வைக்கிற முறை, என்ன படையல்னு எல்லாத்தையும் கேட்டு ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. அங்க டீக்கடையில உக்காந்திருக்கிற பெரியவருக்கு 1880ல கப்பல் ஏறினவரைத் தெரியாது, ஆனா இந்த சாமியைக் கும்பிடுற பங்காளிங்க எந்தத் தெருவுல இருக்காங்கன்னு சொல்லிடுவாரு.