ஒரே மருந்து, வேறு வேறு முடிவுகள்: நரம்பு நோய்களில் அழற்சி பற்றிச் சில செய்திகள்

நேயர்களுக்கு வணக்கம்.

தலையில் பலத்த அடிபட்டால் மூளை வீங்குகிறது. அந்த வீக்கத்தைத் தணிக்க, அழற்சியை (காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக நோயெதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்வினையை) அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்து வந்தது. அதனால் உண்மையில் பயன் உண்டா என்று அறிவதற்காகப் பல நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் சேர்ந்த 10,008 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும், மற்றவர்களுக்கு மருந்து கலவாத ஊசியும் செலுத்தப்பட்டன. 2004ஆம் ஆண்டில் முடிவு வெளியானபோது, இரண்டு வாரங்களுக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காடு, பெறாதவர்களில் 17.9 விழுக்காடு என்று தெரிய வந்தது. உயிரைக் காக்கும் என்று நம்பிக் கொடுத்த மருந்து நூற்றுக்கு மூவர் என்ற அளவில் உயிரிழப்பைக் கூட்டியிருந்தது. 20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டமிட்டிருந்த அந்த ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

அதே 2004ஆம் ஆண்டில் வியட்நாமிலிருந்து மற்றோர் ஆய்வின் முடிவும் வந்தது. மூளையைச் சுற்றியுள்ள உறைகளைக் காசநோய் தாக்கியிருந்த 545 பேருக்குக் காசநோய் மருந்துகளோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையோ, அதைப் போலவே தோற்றமளிக்கும் வெற்று மருந்தையோ சேர்த்துக் கொடுத்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் 41.3 விழுக்காட்டினர் இறந்தார்கள். ஸ்டீராய்டு பெற்றவர்களில் இறந்தவர்கள் 31.8 விழுக்காட்டினர். முதல் ஆய்வில் தீங்கு செய்த அதே வகை மருந்து, இங்கே பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் உயிரைக் காத்திருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றும் உள்ள நோயாளிகளிடம் இதே சிகிச்சையைச் சோதித்து 2023இல் வெளியான ஆய்விலோ அந்தப் பலன் உறுதிப்படவில்லை.

இந்த முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், நரம்பு நோய்களில் அழற்சியைப் பற்றிய இன்றைய ஆராய்ச்சி எதைத் தேடுகிறது என்பது விளங்கும். அழற்சி இருக்கிறதா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. எந்தச் செல் அதை நடத்துகிறது, எந்த மூலக்கூறை அது குறிவைக்கிறது, நோயின் எந்தக் கட்டத்தில் அது நிகழ்கிறது என்பவற்றை அறியாமல் அழற்சியை அடக்கப் புகுந்தால், அது நன்மையில் முடியுமா தீமையில் முடியுமா என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. கில்லன் பாரே நோயை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் காம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரை மூலக்கூறுகள், நம் நரம்புகளின் மேற்பரப்பில் உள்ளவற்றை ஒத்திருக்கின்றன. பாக்டீரியாவை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்கள் நரம்பையும் தாக்குவதால், கால்களில் தொடங்கும் தளர்ச்சி மேலேறி, சிலருக்கு மூச்சுத் தசைகள் வரை சென்றுவிடுகிறது. நோயெதிர்ப்பு மண்டலம் வழிதவறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. ஆயினும் இந்த நோயில் ஸ்டீராய்டு பயன் தருவதில்லை. இரத்தப் பிளாஸ்மாவை மாற்றுவதும், நன்கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின் என்ற ஆன்டிபாடித் தொகுதியைச் செலுத்துவதுமே பயன் தருகின்றன.

மூளைக்கும் நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் தொடர்பே இல்லை என்று மருத்துவம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1948இல் பீட்டர் மெடவார் ஒரு முயலின் தோலை மற்றொரு முயலின் மூளைக்குள் ஒட்டவைத்தபோது, உடலின் பிற இடங்களில் நிராகரிக்கப்படும் அந்தத் தோல் அங்கே பிழைத்திருந்தது. மூளை நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கு எட்டாத இடம் என்ற கருத்துக்கு இந்தச் சோதனை பெரிய சான்றாயிற்று. ஆனால் அதே சோதனைகளில் வேறொன்றும் தெரிந்தது: அந்த முயலின் உடலில் முன்பே அயல் தோலை ஒட்டிப் பழக்கியிருந்தால், மூளைக்குள் வைத்த தோலும் அழிந்துபோயிற்று. வெளியே விழிப்படைந்த நோயெதிர்ப்புச் செல்களால் மூளைக்குள்ளும் செயல்பட முடியும் என்ற இந்த இரண்டாம் பாதிக்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

மூளைக்கென்றே உரிய நோயெதிர்ப்புச் செல்களும் உண்டு. ஸ்பெயின் நாட்டு அறிஞர் பீயோ டெல் ரியோ ஓர்தேகா 1919இல் வெள்ளி உப்புகளால் சாயமேற்றி அவற்றைத் தனியே இனங்கண்டு, மைக்ரோக்ளியா என்று பெயரிட்டார். கரு வளர்ச்சியின் மிகத் தொடக்கத்தில் கருவுணவுப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறி, வாழ்நாள் முழுதும் அங்கேயே இருப்பவை இவை. சாயமேற்றிய திசுவில் இவை அசைவற்றுத் தெரிந்ததால், அழற்சி வரும்வரை உறங்கும் செல்கள் என்றே கருதப்பட்டன. 2005இல், மெலிதாகச் செதுக்கிய மண்டையோட்டின் வழியே உயிருள்ள சுண்டெலியின் மூளையை லேசர் நுண்ணோக்கியால் பார்த்தபோது அந்த எண்ணம் கலைந்தது. செல்லின் உடல் அசையாதிருக்க, அதன் மெல்லிய கிளைகள் ஓயாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தன. சில மணி நேரத்துக்குள் மூளைத் திசு முழுவதையும் ஒருமுறை அவை தொட்டுப் பார்த்துவிடும் என்று கணக்கிட்டார்கள். ஒரு நுண் இரத்தக் குழாயை லேசரால் காயப்படுத்தியதும், அக்கம்பக்கத்துச் செல்களின் கிளைகள் எல்லாம் சில நிமிடங்களிலேயே காயத்தை நோக்கித் திரும்பி அதைச் சூழ்ந்துகொண்டன.

பத்தாண்டுகள் கழித்து, 2015இல், மூளையின் வெளியுறையில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை அமெரிக்காவிலும் பின்லாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. இத்தாலிய உடற்கூறியலாளர் பாவ்லோ மஸ்காஞி 1787இலேயே இத்தகைய குழாய்களைப் பதிவு செய்திருந்தும் அது பின்னர் மறக்கப்பட்டுப் போயிருந்தது. மூளையிலிருந்து வடியும் பொருள்கள் கழுத்தின் நிணநீர்க் கணுக்களை அடைகின்றன. அங்கே நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் அவற்றைப் பரிசோதிக்கின்றன. மூளை தனித்தீவு அன்று.

அழற்சி ஆராய்ச்சியால் மிகுதியாகப் பயன்பெற்ற நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையை நோயெதிர்ப்புச் செல்கள் தாக்குவதால் பார்வை மங்கல், கைகால் மரத்துப்போதல், நடை தடுமாறுதல் போன்றவை வந்து வந்து போகின்றன. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் இந்நோயில் மிகுந்திருப்பதால் அதைத் தடுத்தால் நோய் தணியும் என்று எதிர்பார்த்தார்கள். மூட்டுவாதத்தில் அவ்வாறே நடந்தது. ஆனால் லெனர்செப்ட் என்ற தடுப்பு மருந்தைச் சோதித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து பெற்றவர்களுக்கே நோய் கூடுதலாகத் தலைதூக்கியிருந்தது. மூட்டில் அழற்சியை மூட்டும் ஒரு புரதம் மூளையில் காக்கும் பணியையும் செய்யக்கூடும் என்ற பாடத்தை அது கற்பித்தது. பின்னர் வழி திறந்தது, நோயெதிர்ப்புச் செல்களில் மற்றொரு வகையான பி செல்களின் பக்கம். அவற்றை நீக்கும் ஆக்ரெலிசுமாப் என்ற மருந்து, அதுவரை வழங்கிவந்த இன்டர்ஃபெரானோடு ஒப்பிடும்போது, நோய் திரும்பும் வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததை 2017இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

இந்நோயைத் தொடங்கி வைப்பது எது என்ற கேள்விக்கும் வலுவான விடை கிடைத்துள்ளது. அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளையும், சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளையும் ஆராய்ந்த குழு, எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றிய பிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதாக 2022இல் அறிவித்தது. பெரியவர்களில் மிகப் பெரும்பாலோரின் உடலில் இந்த வைரஸ் இருக்கிறது. நோய் வருவதோ அவர்களில் மிகச் சிலருக்கே. ஆகவே தொற்று மட்டும் போதாது, மரபணுவும் பிறவும் சேர வேண்டும். எனினும் தடுப்பூசியால் இந்நோயைத் தவிர்க்கலாமா என்று இன்று பொறுப்போடு கேட்க முடிகிறது. என் இளமையில் யாரும் கேட்கத் துணியாத கேள்வி அது.

குறியைச் சரியாக அறிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நியூரோமைலிடிஸ் ஆப்டிகா என்ற நோயைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன். பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் இதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகை என்றே கருதி, அதற்குரிய இன்டர்ஃபெரானையே கொடுத்து வந்தார்கள். 2004இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வான்டா லெனனின் குழு இந்நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு தனி ஆன்டிபாடியைக் கண்டறிந்தது. அது ஒட்டிக்கொள்வது மயலினில் அன்று, நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களின் மீதுள்ள அக்வாபோரின் 4 என்ற நீர் வாயிலில் என்பது அடுத்த ஆண்டு தெளிவாயிற்று. இன்டர்ஃபெரான் இந்நோயை மோசமாக்குகிறது என்பதும் பின்னர் உறுதிப்பட்டது. ஒட்டிக்கொண்ட ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொடரைக் கிளப்பிச் செல்லைத் துளைக்கிறது. அத்தொடரை நிறுத்தும் எக்குலிசுமாப் மருந்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், நோய் திரும்பியவர்கள் மருந்து பெற்றோரில் 3 விழுக்காடு, பெறாதோரில் 43 விழுக்காடு. நரம்பியலில் இத்தகைய வேறுபாட்டை நாங்கள் அடிக்கடி காண்பதில்லை. விலைதான் பெரும்பாலான நோயாளிகளுக்கு இதை எட்டாமல் வைத்திருக்கிறது என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும்.

ஆன்டிபாடி மனத்தையே கலைத்துவிடுவதும் உண்டு. 2007இல் ஜோசப் தல்மாவும் உடன் பணியாற்றியவர்களும், நரம்பணுக்களில் செய்தியை வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கும் ஆன்டிபாடியால் வரும் மூளை அழற்சியை விவரித்தார்கள். நலமாக இருந்த ஓர் இளம்பெண் சில நாள்களில் உறக்கமிழந்து, இல்லாத குரல்களைக் கேட்டு, பொருளற்றுப் பேசி, பிறகு பேச்சே அற்று, வாயும் நாக்கும் ஓயாமல் அசைய, வலிப்பு கண்டு நினைவிழப்பதே இதன் போக்கு. இந்நோயாளிகளில் பலருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது. அதை அகற்றி, நோயெதிர்ப்பைத் தணித்ததும் பெரும்பாலோர் மீண்டார்கள். இதற்கு முன் எத்தனை பேர் மனநோய் என்ற முத்திரையோடு சிகிச்சையின்றி மடிந்திருப்பார்கள் என்ற நினைப்பு என்னை இன்றும் உறுத்துகிறது. முதல்முறையாக மனநிலை பிறழ்ந்த ஒருவருக்குக் காய்ச்சலோ வலிப்போ விசித்திரமான அசைவுகளோ உடன் இருந்தால், நரம்பியல் மருத்துவரிடமும் காட்டாமல் இருக்காதீர்கள்.

அல்சைமர் நோயில் படம் இன்னும் சிக்கலானது. அழற்சி தணிக்கும் சாதாரண வலி மருந்துகள் மறதி நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் நாப்ராக்செனையும் செலிகாக்சிப்பையும் முதியவர்களிடம் சோதித்தார்கள், தடுக்கவில்லை. 2013இல் மைக்ரோக்ளியாவில் இயங்கும் டிரெம் 2 என்ற மரபணுவின் ஓர் அரிய மாற்றம் அல்சைமர் வரும் வாய்ப்பை ஏறத்தாழ மூன்று மடங்காக்குவது தெரிந்தது. அம்மாற்றம் மைக்ரோக்ளியாவின் வேலைத்திறனைக் குறைக்கிறது. அதாவது, இந்நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளைச் சூழ்ந்து கட்டுப்படுத்தும் செல்கள் சோர்ந்துபோவதே சிலருக்குத் தீங்கு. மறுபுறம், அதே செல்கள் நரம்பணுக்களின் இணைப்புகளை விழுங்குவதைச் சுண்டெலிகளில் கண்டிருக்கிறார்கள். பார்க்கின்சன் நோயிலும் கிளர்ந்த மைக்ரோக்ளியா இருப்பது 1988 முதல் தெரியும். சிகிச்சையாக அது இன்னும் கனியவில்லை.

நோயெதிர்ப்பைத் தணிப்பதற்கு ஒரு விலை உண்டு. டி செல்களை மூளைக்குள் நுழையவிடாமல் தடுக்கும் நாட்டலிசுமாப் என்ற மருந்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்காக 2004இல் அனுமதி பெற்றது. சிலருடைய மூளையில் ஜே.சி. வைரஸ் பெருகி அழிவை உண்டாக்கியதால் 2005இல் நிறுத்தப்பட்டு, கண்காணிப்பு விதிகளோடு 2006இல் திரும்பியது. மூளையை நாள்தோறும் காவல் காத்துவந்த டி செல்களைத் தடுத்ததே காரணம். ஆகையால்தான் இத்தகைய மருந்துகளுக்கு முன் காசநோய்க்கும் மஞ்சள் காமாலை வைரஸுக்கும் சோதனை கேட்கிறோம். பல வாரங்களாக ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் அதைத் தாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது.

இறுதியாக, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை முதுகில் ஊசி போட்டு எடுப்பதைப் பற்றி. நான் சொன்ன நோய்களில் பலவற்றை உறுதிப்படுத்த அந்த நீர் வேண்டும். ஆனால் அதனால் கால் செயலிழந்துவிடும் என்று அஞ்சிக் குடும்பத்தார் மறுத்துவிடுவதையும், அதனால் சிகிச்சை தள்ளிப்போவதையும் காண்கிறேன். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது அல்லது இரண்டாவதன் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி செல்வது அதற்குக் கீழே, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையிலோ அதற்கும் தாழ்விலோ. தண்டுவடத்தை அது தொடுவதில்லை. துளித்துளியாக விழும் நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலா என்பதே முதல் செய்தி. எடுப்பது சில தேக்கரண்டி அளவு. உடலோ ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீரைப் புதிதாகச் சுரக்கிறது. சிலருக்குத் தலைவலி வந்து, பெரும்பாலும் சில நாள்களில் அடங்கும். மூளைக்குள் அழுத்தம் மிகுந்திருந்தாலோ இரத்தம் உறையாத குறை இருந்தாலோ மருத்துவரே இதைத் தவிர்ப்பார். அதற்காகவே முன்னதாக ஸ்கேனும் இரத்தச் சோதனையும் செய்கிறார்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இது தேவை என்று மருத்துவர் சொன்னால், எதற்காக என்று கேளுங்கள், ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள், அச்சத்தால் மட்டும் மறுத்துவிடாதீர்கள்.

நன்றி. வணக்கம்.