பெஸ்ஸி ஸ்மித்தைப் பேரரசி ஆக்கியது மேடையே!

நடுவர் அவர்களே, வணக்கம். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டு வகை. ‘ப்ளூஸின் பேரரசி’ என்று பேர் வாங்கிய கறுப்பினப் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தை உருவாக்கியது இசைத்தட்டா, மேடையா என்பது தலைப்பு. எதிரணி அண்ணன் எழுந்தார். “1923இல் அவர் பாடிய ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ தட்டு வந்தது, ஆறு மாதத்துக்குள் 7,80,000 தட்டு விற்றது” என்றார். கைதட்டலை அள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கை ஏன் அண்ணே 1923இல் தொடங்குகிறீர்கள்? அந்த அம்மா அந்த வருஷமா பிறந்தார்?

டென்னசி மாநிலம், சட்டனூகா. ஒன்பது வயதுக்குள் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ‘வெள்ளை யானை’ என்று ஒரு மதுக்கடை. அதன் வாசலில் சகோதரர் ஆண்ட்ரூ கித்தார் வாசிப்பார், இந்தப் பெண் பாடி ஆடும். சில்லறை விழுந்தால் உண்டு. குடித்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டவனை நிற்க வைத்து, அவன் பையில் கைவிட வைக்க வேண்டும். அதைவிடக் கறாரான பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?

1912இல் ஊர் ஊராகப் போகும் ஒரு குழுவில் சேர்கிறார், ஆட்டக்காரியாக. பாடுவதற்கு அங்கே ஏற்கெனவே மா ரெய்னி என்ற ப்ளூஸ் பாடகி இருந்தார். அப்புறம் பதினோரு வருஷம் கூடாரம், கொட்டகை, மறுபடியும் கூடாரம். மைக் கிடையாது. கடைசி வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருப்பவளுக்கும் சொல் புரிய வேண்டும். அதனால்தான் சொல்லை மெதுவாக இழுத்து, அழுத்தி, வளைத்துப் பாடினார். அந்த இழுப்பைத்தான் பின்னால் ஜாஸ் பாடகிகள் பாடமாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் குரலைத் தட்டுக் கம்பெனிகள் ஓடிவந்து வாங்கினவா? கறுப்பினத்தவரே நடத்திய ‘பிளாக் ஸ்வான்’ கம்பெனி, கரடுமுரடாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது! கடைசியில் கொலம்பியா எடுத்தது. 1923இல் ஒலிப்பதிவு என்றால் புனல் மாதிரி ஒரு கொம்புக்குள் பாடுவதுதான். கூடாரத்தில் பழகிய தொண்டைக்குக் கொம்பு ஒரு பொருட்டா?

சரி, காசுக்கு வருவோம். தட்டின் ஒரு பக்கத்துக்குப் பாடினால் 125 டாலர். விற்பனையில் பங்கு கிடையாது. எட்டு விற்றாலும் 125, எட்டு லட்சம் விற்றாலும் 125. மேடையிலோ உச்ச காலத்தில் வாரத்துக்கு 2,000 டாலர் வரை. 1925இல் சொந்தமாக ஒரு ரயில் பெட்டியே வைத்திருந்தார். ஆடம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது அமெரிக்காவின் தெற்கே பல ஊர்களில் கறுப்பினத்தவருக்கு விடுதியில் அறை தரமாட்டார்கள். குழு மொத்தமும் அந்தப் பெட்டியில்தான் படுத்துத் தூங்கியது.

அண்ணன் சொல்லாத ஒன்று. 1927 ஜூலை, வட கரோலினா, கான்கார்ட். உள்ளே கச்சேரி நடக்கிறது. வெளியே கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் ஆட்கள், வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கூடார முளைகளைப் பிடுங்குகிறார்கள். குழுவின் வேலைக்காரப் பையன்கள் பயந்து ஒதுங்க, பெஸ்ஸி தனியாகப் போய், ஒரு கை இடுப்பில், ஒரு கை முஷ்டியாக, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். வந்தவர்கள் இருட்டில் கலைந்து போனார்கள். திரும்பி வந்து பையன்களுக்கும் ஒரு டோஸ் விட்டுவிட்டு, மேடையேறி விட்ட இடத்திலிருந்து பாடினார். இது எந்தத் தட்டில் பதிவாகியிருக்கிறது?

“தட்டு இல்லாவிட்டால் இன்று நாம் கேட்டிருக்க முடியுமா?” என்றார் அண்ணன். முடியாது. ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் ஊதிய கார்னெட் என்ற ஊதுகருவியோடு அவர் 1925இல் பாடிய ‘செயின்ட் லூயி ப்ளூஸ்’ கிடைத்திருக்காது. நானும் அதைக் கேட்டுத்தான் மயங்கினேன். ஆனால் ஊறுகாய் ஜாடி மாங்காயைக் காப்பாற்றும். மாமரத்தை ஜாடியா வளர்த்தது?

1931இல் கொலம்பியா கைகழுவியது. 1933 நவம்பரில் கடைசிப் பதிவு, பாட்டுக்கு 37 டாலர் 50 சென்ட். மேடை விடவில்லை. 1937 செப்டம்பர் 26, அடுத்த ஊர்க் கச்சேரிக்குப் போகும் வழியில்தான், கிளார்க்ஸ்டேல் அருகே கார் விபத்தில் இறந்தார். லட்சக்கணக்கில் தட்டு விற்றவரின் கல்லறைக்கு 33 வருஷம் ஒரு பெயர்க்கல் இல்லை. 1970இல் அதற்குக் காசு கொடுத்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் சிறு வயதில் பெஸ்ஸி வீட்டில் வேலை செய்தவர். இன்னொருவர் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின், அவரும் மேடையில் தொண்டை கிழியப் பாடியவர்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. ஜாடிக்கு அண்ணன் பதில் சொல்லட்டும், நான் உட்காருகிறேன்.