மறுநாளின் அன்பு

(ஈரோட்டில் ஒரு திருச்சபையின் குடும்பக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கமுங்க.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வருகிறோம். பைபிளில் லூக்கா சுவிசேஷம், 10ஆம் அதிகாரம். ஒருவன் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிப் போகிறான். எருசலேம் மலைமேல் இருக்கிறது. எரிகோ கடல்மட்டத்துக்கும் கீழே. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ராத்திரி தனியாக இறங்கியவர்களுக்கு அந்த வழியின் பயம் புரியும். அங்கே கள்ளர் அடித்துப் போட்டுவிட்டுப் போனவனைப் பார்த்து, யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தைச் சேர்ந்த ஒரு சமாரியன் மனதுருகினான். காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான். நாம் பெரும்பாலும் இதோடு கதையை முடித்துவிடுகிறோம்.

ஆனால் 35ஆம் வசனம் 'மறுநாளிலே' என்று தொடங்குகிறது. முந்தின நாளின் பதைப்பு அடங்கியிருக்கும். அவனுக்கும் பயணம் பாக்கி இருக்கிறது. இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரக்காரன் கையில் கொடுக்கிறான். அது அன்றைக்கு ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று வாக்கும் கொடுக்கிறான். எவ்வளவு ஆகும் என்றே தெரியாத செலவுக்குப் பொறுப்பேற்கிறான், முன்பின் தெரியாத ஒருவனுக்காக! இந்த மறுநாளையும் சேர்த்துத்தான் இயேசு அன்பு என்று காட்டுகிறார்.

சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று அவர் கட்டளையிட்டதும் அதனால்தான். பகைவனைப் பார்த்ததும் பாசம் பொங்கு என்றால் எந்த மனசு கேட்கும்? அவர் கேட்டது செயலை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில், இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்றுதான் அவரும் ஜெபித்தார். மனசு அவ்வளவு வியாகுலப்பட்டும் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார்.

படுக்கையில் கிடக்கிற மாமியாருக்கு ராத்திரியெல்லாம் எழுந்து துணி மாற்றுகிற பெண்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். "பாசமே வரமாட்டேங்குதுங்க, நான் நடிக்கறனோன்னு இருக்குது" என்று உள்ளுக்குள் குமைந்திருப்பீர்கள். அம்மா, நீங்கள் நடிக்கவில்லை. அலுப்பும் எரிச்சலும் இருக்கும்போதே நீங்கள் எழுந்து போகிறீர்களே, அதைத்தான் வேதம் அன்பு என்கிறது. பாசம் வந்தால் சந்தோஷம். அது வரும்வரை காத்திருந்தால் அந்தக் கிழவியின் கதி என்ன?

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டாய், பொறுத்துக்கொள் என்று, அடிக்கிற புருஷனிடமே பெண்ணைத் திருப்பி அனுப்புகிறவர்கள் சபைகளிலும் இருக்கிறார்கள். சமாரியன் அடிபட்டவனைக் கள்ளர்களிடம் திருப்பி அனுப்பவில்லை. திருமண உடன்படிக்கையை முறித்தவன் கையை ஓங்கியவன்தான்.

இன்னொன்று. சமாரியன் எல்லாவற்றையும் தானே சுமக்கவில்லை, சத்திரக்காரனையும் சேர்த்துக்கொண்டான். ஆகவே ஆண்களே, படுக்கையில் நோயாளி இருக்கிற வீடுகள் எவை என்று உங்களுக்கே தெரியும். இன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்னே, எந்த வீட்டுக்கு, எந்த ராத்திரி, யார் போய் விழித்திருப்பது என்று பேசி, பேர் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த அம்மா கிடக்கிற வீட்டிலிருந்தே தொடங்குங்கள்.