118 ரூபாய்க்கு இரண்டு லெமனும் லங்காஸ்டரின் மூன்று ஸ்பூனும்

வணக்கம் மக்களே! முதலில் இந்தப் பழத்தைப் பாருங்கள். கொஞ்சம் பொறுங்கள், ஃபோகஸ் ஆகட்டும்... ஆங், வந்துவிட்டது. நுனியில் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதா, தோல் எவ்வளவு தடிமன் பாருங்கள். இதுதான் லெமன். இரண்டு பழம் 118 ரூபாய். மூன்று பழக்கடையில் லெமன் கேட்டேன், மூன்றிலும் நம் எலுமிச்சையைத்தான் எடுத்து நீட்டினார்கள். கடைசியில் வெளிநாட்டுப் பழம் விற்கிற ஒரு கடையில் கிடைத்தது. 118! எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டியில் பத்து ரூபாய்க்கு மூன்று எலுமிச்சை.

எதற்கு இவ்வளவு அலைச்சல் என்றால், போன வாரம் உங்களில் பலர் எனக்கு அனுப்பிய அந்த நாற்பது வினாடி வீடியோ. 1747-இல் பிரிட்டிஷ் கடற்படை டாக்டர் ஜேம்ஸ் லிண்ட் மாலுமிகளுக்கு எலுமிச்சை கொடுத்தார், ஸ்கர்வி (வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கி ஆளையே கொல்லும் நோய்) ஒழிந்தது, முடிந்தது கதை என்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அங்கே ஒன்றும் முடியவில்லை.

மிளகுக் கப்பல் வீடியோ பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வாஸ்கோ ட காமா 1498 அக்டோபரில் இந்தியக் கரையை விட்டுக் கிளம்பி ஆப்பிரிக்கக் கரையைத் தொட மூன்று மாதம் ஆனது. ஈறு வீங்கிப் பல்லை மூடி, சாப்பிட முடியாமல் 30 பேர் செத்தார்கள். மிச்ச ஆட்களால் எல்லாக் கப்பலையும் ஓட்ட முடியாமல் ஒன்றைக் கொளுத்திவிட்டுத்தான் ஊர் போனார்கள்.

அப்புறம் 1601. எனக்கு லிண்டை விட இந்த ஆளைத்தான் பிடிக்கும், ஜேம்ஸ் லங்காஸ்டர். கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பயணம், நான்கு கப்பல். தன்னுடைய ரெட் டிராகனில் மட்டும் பாட்டில் பாட்டிலாக லெமன் சாறு எடுத்துப்போனார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஆளுக்கு மூன்று ஸ்பூன். தென்னாப்பிரிக்கக் கரைக்கு வரும்போது மற்ற மூன்று கப்பலிலும் ஆட்கள் விழுந்துகிடக்க, சுக்கான் பிடிக்க வியாபாரிகளே முறை வைத்து நின்றார்கள். அந்தக் கப்பல்களின் படகை இறக்கக்கூட லங்காஸ்டரின் ஆட்கள்தான் போக வேண்டியிருந்தது. ஒரே கடல், ஒரே பயணம், வித்தியாசம் சாறு மட்டும். லிண்டுக்கு 146 வருடம் முன்னால் இவ்வளவும் கண்ணெதிரே நடந்தது, ஆனாலும் அது கப்பல்களில் நிலையான வழக்கமாகவில்லை!

சரி, லிண்ட். சாலிஸ்பரி கப்பலில் ஸ்கர்வி வந்த 12 பேரை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு ஆப்பிள் சாராயம், ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்குக் கடல்தண்ணீர் என்று கொடுத்துப் பார்த்தார். தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு லெமனும் தின்றவர்களில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் தயார். பிரிட்டிஷ் கடற்படை எல்லோருக்கும் லெமன் சாறு கொடுக்க ஆரம்பித்தது 1795-இல். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு!

இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். லிண்ட் சாற்றைச் சூடாக்கி, பாகு மாதிரி சுண்டவைத்துக் கப்பலில் கொண்டுபோகச் சொன்னார். சூட்டில் வைட்டமின் சி போய்விடும். அப்படி ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அவரே கண்டுபிடித்த மருந்தின் பலத்தை அவர் சொன்ன பக்குவமே குறைத்துவிட்டது.

இப்போது லெமன், எலுமிச்சை என்ற இந்த இரண்டு பழத்துக்கு வருகிறேன். 1860-களில் கடற்படை, மத்தியதரைக்கடல் லெமனை விட்டு, தன் ஆட்சியில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்கு மாறியது. 1867-இல் வணிகக் கப்பல்களிலும் சாறு கட்டாயம் என்று சட்டம் இறுக்கப்பட்டது. லைம் என்றால் நம் எலுமிச்சை. ஆங்கிலத்தில் அந்தக் காலத்தில் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். நாம் நாரத்தையையும் எலுமிச்சையையும் குழப்புவோமா?

1875-இல் வட துருவம் நோக்கிப் போன பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் நேர்ஸின் குழு குளிர்காலம் முழுக்க தினமும் லைம் சாறு குடித்தது. அப்படியும் பனியில் வண்டி இழுக்கப் போனவர்கள் ஒவ்வொருவராக ஸ்கர்வியில் விழுந்தார்கள். அதோடு எலுமிச்சை மேலேயே டாக்டர்களுக்கு நம்பிக்கை விட்டுப்போனது. பழம் மாறியதும் சாறு பலவீனமானது அதுவரை ஏன் தெரியவில்லை தெரியுமா? நீராவிக் கப்பல் வந்ததும் பயணம் குறுகியது, ஸ்கர்வி வருவதற்குள் கரை வந்துவிட்டது. சாறு வேலை செய்கிறதா என்று சோதிக்கவே வாய்ப்பு இல்லாமல் போனது.

1918-இல்தான் லண்டன் லிஸ்டர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஹாரியட் சிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் கினிப் பன்றிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்து, லைமின் சக்தி லெமனில் கால்வாசி அளவுதான் என்று காட்டினார்கள். பாட்டிலில் அடைத்து வைத்த லைம் சாறு கிட்டத்தட்ட எதற்கும் உதவாது. அந்தக் குழுவில் இருந்த ஆலிஸ் ஹென்டர்சன் ஸ்மித் பழைய கடற்படைப் பதிவுகளைப் புரட்டி, எப்போது பழம் மாறியது என்பதையே தேடி எடுத்தார். சோதனைக்கூடமும் காகிதக்கட்டும் சேர்ந்தால்தான் இது பிடிபட்டிருக்கும். இந்தப் பெண்களின் பெயர் அந்த நாற்பது வினாடியில் வரவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உடனே எலுமிச்சையைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். நெல்லிக்காயும் கொய்யாவும் அன்றாடம் கிடைக்கிற நமக்கு இந்தக் கணக்கு பெரிதில்லை. மாதக்கணக்கில் உப்புக்கறியும் காய்ந்த ரொட்டியும் தின்றவனுக்கு ஒரு ஸ்பூன்தான் வாழ்வா சாவா.

பிழிந்து பார்த்தேனா? பார்த்தேன். லெமன் ஒன்றில் மூன்று ஸ்பூன், எலுமிச்சையில் ஒன்றரை. லங்காஸ்டர் கணக்குக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இந்த 59 ரூபாய்ப் பழம் ஒன்று முழுசாக வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போகிற நம் பார்வையாளர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், கப்பலில் உங்களுக்கு என்ன பழம் தருகிறார்கள், எத்தனை நாள் தாங்குகிறது என்று கீழே எழுதுங்கள்.