பேரை மாத்தினா தான் மேடை! பிரிட்டிஷ் பாலே உருவான கதை

வணக்கம் மக்களே! ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயம், இன்னைக்கு பேசிடுறேன்.

லண்டன்ல பொறந்த ஒரு பொண்ணு, லிலியன் அலிசியா மார்க்ஸ். 14 வயசுல தியாகிலெவ்னு ஒரு ரஷ்யாக்காரர் நடத்தின பாலே குழுவுல சேர்றாங்க, பேரு அலிசியா மார்கோவா ஆயிடுது. பாட்ரிக் ஹீலி-கே ஆன்டன் டோலின் ஆகுறாரு. அப்பல்லாம் பாலேன்னாலே ரஷ்யாக்காரங்க ஆடுறதுதான், இங்கிலீஷ் பேரு போட்டா யாரு மதிப்பாங்கன்னு ஒரு நெனப்பு. எவ்ளோ திறமை இருந்தும் சொந்த பேர்ல மேடை ஏற முடியலன்னா அது எவ்ளோ வலி!

இதை மாத்தணும்னு கிளம்பினவங்கதான் நினெட் டி வலோயிஸ். அயர்லாந்துல பொறந்தவங்க, நிஜப் பேரு ஈட்ரிஸ் ஸ்டான்னஸ், அவங்களும் பேரு மாத்தினவங்கதான். தியாகிலெவ்கிட்ட ஆடிட்டு வந்து 1926ல லண்டன்ல ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, ஓல்ட் விக் தியேட்டர் நடத்தின லிலியன் பேலிஸ்கிட்ட போய் நமக்குன்னு ஒரு பாலே கம்பெனி வேணும்னு கேட்டாங்க. பேலிஸ் சாதாரண ஜனங்களுக்கு கம்மி டிக்கெட்ல ஷேக்ஸ்பியரும் ஓபராவும் காட்டிட்டு இருந்தவங்க, கையில காசு இல்ல, ஆனாலும் சரின்னாங்க. 1931ல சேட்லர்ஸ் வெல்ஸ் தியேட்டரைத் திறந்தப்போ விக்-வெல்ஸ் பாலேங்கிற அந்தக் கம்பெனி பொறந்துச்சு. இன்னொரு பக்கம் வார்சாவுல பொறந்த மேரி ராம்பெர்ட், நாட்டிங் ஹில்ல ஒரு குட்டி மேடையை வச்சுக்கிட்டு ஆளுங்களை உருவாக்கிட்டு இருந்தாங்க, பின்னால பேர்போன பாலே அமைப்பாளரான ஃபிரெடரிக் ஆஷ்டனை முதல்ல டான்ஸ் அமைக்க வச்சதே அவங்கதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். நிக்கோலாய் செர்கேயெவ்னு ஒருத்தர், பீட்டர்ஸ்பர்க் மரீன்ஸ்கி தியேட்டர்ல வேலை பார்த்தவரு, புரட்சிக்கப்புறம் ரஷ்யாவை விட்டு வர்றப்போ கட்டுக்கட்டா நோட்டுப் புத்தகம் எடுத்துட்டு வர்றாரு. பாட்டுக்கு ஸ்வரம் எழுதுற மாதிரி, கால் எங்க, கை எங்க, தலை எந்தப் பக்கம்னு குறி போட்டு எழுதின நோட்டுங்க. டி வலோயிஸ் அவரைக் கூப்பிட்டு உட்கார வச்சுட்டாங்க. 1934ல ஜிசெல், நட்கிராக்கர், ஸ்வான் லேக், 1939ல ஸ்லீப்பிங் பியூட்டின்னு பழைய பேர்போன பாலே எல்லாம் அந்த நோட்டுல இருந்து எழுந்து வந்துச்சு. அதோட நிக்கல, தங்களோட சொந்த ஊர் ஓவியர் ஹோகார்த்தோட படங்களை வச்சே 1935ல ஒரு பாலே பண்ணாங்க.

1940 மே மாசம் டி வலோயிஸோட கம்பெனி ஹாலந்துல டூர்ல இருக்கறப்போ ஜெர்மன் படை உள்ள வந்துடுச்சு. ஆளுங்க உயிரோட தப்பிச்சாங்க, ஆனா ஆறு பாலேவோட செட்டு, டிரெஸ்ஸு, இசை ஸ்கோர் எல்லாத்தையும் அங்கேயே விட்டுட்டு வர வேண்டியதாச்சு. ஆர்கெஸ்ட்ரா இல்லாம ரெண்டு பியானோவை வச்சு நாடு முழுக்க ஆடினாங்க.

யுத்தம் முடிஞ்சது. யுத்த காலத்துல டான்ஸ் ஹாலா கிடந்த கோவென்ட் கார்டன் ஓபரா ஹவுஸை 1946 பிப்ரவரி 20ம் தேதி மறுபடி திறக்குறாங்க. துணிக்கே ரேஷன் கூப்பன் இருந்த காலம். அன்னைக்கு அதே கம்பெனியோட ஸ்லீப்பிங் பியூட்டி, நூறு வருஷம் தூங்கி எழுற இளவரசியா மார்கோட் ஃபொன்டெய்ன், இங்கிலாந்துல சர்ரே பக்கம் ரெய்கேட்ல பொறந்தவங்க, நிஜப் பேரு பெக்கி ஹூக்கம். கேலரி வரைக்கும் லண்டன் ஜனங்க, மேடையில செர்கேயெவ் நோட்டுல கொண்டு வந்த அதே ஸ்டெப்ஸ்.